பழைய அலாய் வீலுக்கு மறுவாழ்வு: பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்

பழைய கார் ஒன்றின் அலாய் வீலை, அதாவது பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆன சக்கரத்தை, கழற்றியதும் முதலில் அதைக் குப்புறப் போட்டுப் பாருங்கள். முகப்பைப் பார்த்துத்தான் நாம் மயங்குகிறோம், இல்லையென்றால் மனம் சோர்ந்துபோகிறோம். சக்கரம் பட்ட பாடெல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும். முப்பது நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்த பிரேக் தூள் கறுப்பாக இறுகிக் கிடக்கும். சக்கரம் அதிராமல் சுற்ற விளிம்பில் மாட்டும் எடைத்துண்டான பேலன்சிங் ஈயம் இருந்த இடங்களில் வெள்ளையாகப் பூத்திருக்கும். எப்போதோ பள்ளத்தில் இறங்கியதில் உள்விளிம்பு லேசாக நெளிந்திருக்கும். அளவைச் சொல்லும் எழுத்துகளும் பெரும்பாலும் அங்கேதான் வார்ப்போடு வார்ப்பாகப் பதிந்திருக்கும்.

அலாய் வீலைப் புதுப்பிப்பது என்றதும் வெள்ளி நிறப் பெயின்ட் டப்பாதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் வேலையின் பெரும்பகுதி அந்த டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். சக்கரம் வண்டியைச் சுமக்கும் உறுப்பு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சாதாரண அளவுள்ள சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 14, 15 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒவ்வோர் ஆரக்காலிலும் சுமை ஏறி இறங்குகிறது. அந்த உலோகம் நலமாக இருக்கிறதா, நாம் செய்யப்போகும் எந்த வேலையாவது அதை பலவீனமாக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகுதான் நிறத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வெள்ளை பூப்பது எதனால்?

அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வெறும் அலுமினியத்தின் மீது காற்று பட்டவுடனேயே சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம்தான் உலோகத்தின் கவசம். கீறினால் தானாகவே மீண்டும் வளர்ந்துகொள்ளும்.

இந்தக் கவசத்தைத் துளைப்பவை இரண்டு. ஒன்று உப்பு. கடற்காற்றில் இருந்தாலும், பனியைக் கரைக்கச் சாலையில் தூவியதாக இருந்தாலும், உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே ஊடுருவி உலோகத்தில் சிறு குழிகளைப் பறிக்கும். மற்றொன்று இரும்பு. இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்புக் கலந்த ஈரமும் இருந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிவிடுகிறது. அந்தக் கலத்தில் கரைந்துபோவது அலுமினியம்தான். பேலன்சிங் ஈயத்தைப் பிடித்திருக்கும் எஃகுக் கொக்கி விளிம்பை அரிப்பதும், சக்கரம், அதைத் தாங்கும் அச்சு முனையான ஹப்போடு ஒட்டிக்கொண்டு கழற்றவே முடியாமல் போவதும் இதனால்தான்.

மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு பூசிய சக்கரங்களில் இன்னொரு வகை அரிப்பைக் காணலாம். கல் தெறித்து விழுந்த ஒரு புள்ளியில் ஈரம் நுழையும். அங்கிருந்து பூச்சுக்கும் உலோகத்துக்கும் இடையே புழு ஊர்ந்த தடம்போல மெல்லிய வெள்ளைக் கோடுகள் பரவும். பார்த்தால் பெயின்ட் கெட்டுப்போனதாகத் தோன்றும். அரிப்பு நடப்பதோ பூச்சுக்கு அடியில். அதன் மீது லேசாகத் தேய்த்துப் புதுப் பெயின்ட் அடித்தால் சில மாதங்கள் பளபளப்பாக இருக்கும். அதன்பின் அதே இடத்தில், அதே வடிவத்தில் கொப்புளம் எழும். நான் முதன்முதலில் செய்த சக்கரங்களில் இதுதான் நடந்தது. ஆறு நாள் வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. வெள்ளை பூத்த இடத்தைச் சுத்தமான உலோகம் தெரியும்வரை எடுத்துவிட வேண்டும். இதற்குக் குறுக்கு வழி இல்லை.

கையில் இருப்பது எந்தச் சக்கரம்?

வார்ப்பு அலுமினியச் சக்கரத்தைப் பந்தயக் கார்களில் பரவலாக அறியச் செய்தது 1924-இல் வந்த புகாட்டி டைப் 35. எட்டுத் தட்டையான ஆரக்கால்களும் பிரேக் டிரம்மும் சேர்ந்து ஒரே வார்ப்பாக அமைந்த சக்கரம் அது. பின்னர் வந்த சாலைக் கார்களின் அலாய் வீல்களில் பெரும்பாலானவை அலுமினிய வார்ப்புகளே. ஏறத்தாழ 7 சதவீதம் சிலிக்கானும் சிறிதளவு மெக்னீசியமும் சேர்ந்த உலோகக் கலவை இந்த வேலைக்கு மிகவும் பரிச்சயமானது. வார்த்த பிறகு அதை 540 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, நீரில் சட்டென்று குளிர்வித்து, மீண்டும் 150 முதல் 170 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் வைப்பார்கள். இந்தப் பதப்படுத்தல்தான் சக்கரத்துக்கு வலிமை தருகிறது. அந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சைப் பற்றிப் பேசும்போது அது மீண்டும் வரும்.

எல்லாச் சக்கரமும் வார்ப்பு அல்ல. 1966-இல் போர்ஷே 911 எஸ் காருக்காக வந்த ஃபுக்ஸ் சக்கரம், உலோகத்தைப் பேரழுத்தத்தில் அடித்து உருவாக்கியது. அதன் மேற்பரப்பை மின்வேதி முறையில் கடினப்படுத்தியிருப்பார்கள். அனோடைசிங் என்பது அதன் பெயர். பழைய ஃபுக்ஸ் சக்கரத்தை வாங்கியவுடன் பளபளவென்று பஃபிங் செய்து, அதாவது மெருகேற்றித் தேய்த்து விடுபவர்கள், மீண்டும் எளிதில் பெற முடியாத அந்த மூலப்பரப்பை நிரந்தரமாக அழித்துவிடுகிறார்கள். பி.பி.எஸ். நிறுவனத்தின் பழைய ஆர்.எஸ். வகை போன்றவை பல துண்டுகளாக வரும். நடுப்பகுதியையும், டயர் ஏறும் வெளிவளையமான ரிம்மையும் வட்டமாகப் பல சிறிய போல்ட்டுகள் இணைத்திருக்கும். இணைப்பில் காற்று கசியாமல் இருக்க சீலன்ட் பூசியிருக்கும். பிரித்தால் நன்றாகச் சுத்தம் செய்யலாம். ஆனால் மீண்டும் சேர்க்கும்போது புதிய போல்ட், சரியான முறுக்கு விசை, புதிய சீலன்ட் மூன்றும் கட்டாயம். தொடக்கநிலையில் இருப்பவர் இந்த வகையைப் பிரிக்காமல், அனுபவமுள்ளவரிடம் ஒப்படைப்பதே நல்லது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது மெக்னீசியம் சக்கரம். 'மேக் வீல்' என்ற சொல்லே மெக்னீசியத்திலிருந்து வந்ததுதான். இன்று அலுமினியச் சக்கரத்தையும் அப்படி அழைப்பதால் குழப்பம் நேர்கிறது. 1960-களில் பிரிட்டனில் புகழ்பெற்ற மினிலைட் சக்கரங்களின் ஆரம்ப வார்ப்புகள் மெக்னீசியமே. பின்னாளில் அதே வடிவம் அலுமினியத்திலும் வந்தது. மெக்னீசியம் அலுமினியத்தைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு. தூக்கிப் பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும். உறுதி செய்துகொள்ள, உள்பக்கத்தில் மறைவான ஓரிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் அது மெக்னீசியம். அலுமினியம் அப்படிப் பொங்காது. பார்த்தபின் நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மெக்னீசியத்தைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் எளிதில் தீப்பற்றும். பற்றிய தீயில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வெளியாகி நிலைமை இன்னும் மோசமாகும். அதற்கென்று உள்ள உலோகத் தீயணைப்புப் பொடியோ உலர்ந்த மணலோதான் அதை அடக்கும். மெக்னீசியம் அரிப்புக்கும் விரைவில் ஆளாகும்; வயதான மெக்னீசியம் வார்ப்பின் நம்பகத்தன்மையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வினிகர் பொங்கினால் வீட்டில் வேலை செய்யாதீர்கள். அந்த உலோகத்தை அறிந்த பட்டறைக்கு அனுப்புங்கள்.

பின்பக்க எழுத்துகளையும் படித்துக்கொள்ளுங்கள். '6ஜே × 15 எச்2 ஈடி 35' என்று இருந்தால், டயரின் விளிம்புகள் அமரும் இடங்களுக்கு இடையே 6 அங்குல அகலம், 15 அங்குல விட்டம் என்று பொருள். ஜே என்பது விளிம்பின் வடிவம். எச்2 என்பது டயர் இடம்பெயராமல் தடுக்கும் மேடு இருபுறமும் உண்டு என்பதைக் குறிக்கும். ஈடி 35 என்றால், ஹப்போடு பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 35 மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக இருக்கிறது. விட்டம் 365, 390, 415 என்று மில்லிமீட்டரில் இருந்தால் அது 1975-இல் மிஷ்லின் கொண்டுவந்த டி.ஆர்.எக்ஸ். வகை. அதற்கு அதே வகை டயர் மட்டுமே பொருந்தும். சாதாரண அங்குல டயரை அதில் ஏற்ற முயல்வது பேராபத்து. டயர் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால் பிறகு ஏமாற்றம் இராது.

பழைய பூச்சை உரிப்பது

டயர், வால்வு, ஈயம், நடு மூடி அனைத்தையும் அகற்றிவிட்டு, சோப்பு நீரும் தூரிகையும் கொண்டு கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போது தேய்த்தால் உப்புத்தாள் அந்தப் பிசுக்கை உலோகத்துக்குள்ளேயே அழுத்திவிடும்.

பூச்சை அகற்ற ரசாயனம் ஒரு வழி. அலாய் வீலுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டு விற்கும் பெயின்ட் ரிமூவரை மட்டும் பயன்படுத்துங்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைத்து ஹைட்ரஜனை வெளியேற்றும். எஃகுப் பொருள்களை உரிக்கும் காஸ்டிக் தொட்டியில் அலாய் வீலைப் போட்டால் திரும்ப வருவது சக்கரமாக இராது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த சக்கரத் துப்புரவுத் திரவங்களைத் தொடவே வேண்டாம். அந்த அமிலம் தோலில் பட்டால் முதலில் வலிக்காமலும் இருக்கலாம். உள்ளே இறங்கி எலும்புவரை பாதிக்கும்.

இன்னொரு வழி, காற்றழுத்தத்தில் துகள்களை அடித்து உரிப்பது. கூர்மையான மணல் அலுமினியத்தைக் கொத்திக் கரடாக்கிவிடும். நுண்ணிய கண்ணாடி மணிகளோ பிளாஸ்டிக் துகள்களோ ஏற்றவை. பட்டறையில் ஒரு கேள்வி கேட்க மறக்காதீர்கள்: இதே துகளால் முன்பு இரும்பை உரித்தீர்களா? இரும்புப் பொடி கலந்த துகள் அலுமினியத்துக்குள் பதிந்தால், நாம் மேலே பார்த்த மின்கலத்தை நாமே ஆயிரம் இடங்களில் விதைத்ததாகிவிடும். எஃகு உதிரிப் பாகங்களின் பெயின்ட்டை எரித்து அகற்ற 400 டிகிரி வெப்பத்தில் இயங்கும் அடுப்புகளும் உண்டு. அலாய் வீலை அவற்றுக்குள் ஒருபோதும் விடக்கூடாது. சக்கரத்தின் பதமே போய்விடும்.

விரிசலும் கோட்டமும்

பூச்சு உரிந்த சக்கரம்தான் உண்மை பேசும். நல்ல வெளிச்சத்தில் போல்ட் துளைகளைச் சுற்றியும், ஆரக்கால் நடுப்பகுதியோடும் ரிம்மோடும் சேரும் மூலைகளிலும், உள்விளிம்பிலும் மெதுவாகத் தேடுங்கள். கண்ணுக்குப் படாத விரிசலைக் கண்டுபிடிக்கச் சாயச் சோதனை உதவும். சுத்தமான பரப்பில் சிவப்புச் சாயத்தைத் தெளித்துக் கால்மணி நேரம் விட்டு, மேலே உள்ளதை முற்றிலும் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடிக் கரைசலைத் தெளிக்க வேண்டும். விரிசலுக்குள் பதுங்கிய சாயம் வெள்ளையின் மீது சிவப்புக் கோடாக ஊறிவரும். தொடக்கநிலையில் இருப்பவரும் வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை இது. காற்றோட்டமான இடமும் கையுறையும் இருந்தால் போதும்.

ஆரக்காலிலோ போல்ட் துளை அருகிலோ விரிசல் இருந்தால் அந்தச் சக்கரத்தின் பயணம் முடிந்துவிட்டது. வெல்டிங் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெல்டிங் சூடு பட்ட வட்டாரத்தில் பதப்படுத்தலின் வலிமை தளர்ந்துவிடும். விரிசல் மேலே மூடியிருக்கும், அருகில் உலோகம் மென்மையாகியிருக்கும். உள்விளிம்பில் உள்ள சிறு விரிசலைச் சில பட்டறைகள் வெல்டிங் செய்து தருகின்றன. அதையும் நான் ஏற்பதில்லை. வடிவம் அரிதானது, மாற்றுச் சக்கரம் கிடைக்காது என்ற நிலை இருந்தால், அதைச் சுவரில் அழகாக மாட்டி வையுங்கள். சாலையில் ஓட விடாதீர்கள்.

கோட்டத்தைப் பார்க்கச் சக்கரத்தை ஹப்பிலோ பேலன்சிங் இயந்திரத்திலோ மாட்டிச் சுற்றி, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் ஒன்றை டயர் அமரும் தடத்தில் தொடவைத்து அளக்க வேண்டும். மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் அசைவு 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. உள்விளிம்பில் உள்ள சிறு நெளிவைத் தகுந்த அழுத்தக் கருவியும் கட்டுப்படுத்திய வெப்பமும் உள்ள பட்டறையால் சரிசெய்ய முடியும். தீப்பிழம்பைக் காட்டிச் சுத்தியலால் தட்டிக் கோட்டம் எடுப்பதைக் கண்டால் சக்கரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நடைபாதை விளிம்பில் உரசிய காயங்கள் அச்சமூட்டுபவை அல்ல. எழும்பி நிற்கும் பிசிறை முதலில் நேர்த்தியான அரத்தால் எடுத்து, பிறகு 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 240, 320 என்று படிப்படியாக மென்மையாக்குங்கள். ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் விளிம்பு பள்ளமாகும். அந்தப் பள்ளம் சக்கரம் சுற்றும்போதுதான் அசிங்கமாகத் தெரியும். ஆகவே காயத்தின் இருபுறமும் நீளமாகத் தேய்த்து வட்டத்தோடு கலக்க வேண்டும். தேய்த்தும் போகாத ஆழமான கீறலுக்குப் பட்டி பார்க்கலாம். அலுமினியப் பொடி கலந்த எபாக்சி வகையைத் தேர்ந்தெடுங்கள். காரின் உடலுக்குப் பூசும் சாதாரணப் பட்டி, பொடியைப் பூசிச் சூட்டில் உருக்கி இறுக்கும் பவுடர் கோட்டிங் அடுப்பின் சூட்டைத் தாங்காது.

எந்தப் பூச்சு?

இந்தக் கேள்விக்குச் சக்கரம் பிறந்த காலமே விடை சொல்லும். பெயின்ட்டோடு பிறந்த சக்கரத்துக்குப் பெயின்ட், பாலிஷோடு பிறந்ததற்கு பாலிஷ். பழைய வெள்ளி நிறம் இன்றைய வெள்ளி நிறத்தைவிட அடக்கமானது. அதன் மினுக்கத் துகள்கள் நுண்ணியவை. இன்றைய பளீர் வெள்ளியை அடித்தால் காரின் வயதோடு சக்கரம் ஒட்டாமல் நிற்கும். உங்கள் காரின் ஸ்டெப்னியும் அலாய் வீலாக இருந்தால் அதிர்ஷ்டம். பல ஆண்டுகளாக டிக்கிக்குள் வெயில் படாமல் கிடந்த அதன் முகப்பு, தொழிற்சாலை அடித்த நிறத்தின் சாட்சி. மாதிரிக்கு அதைப் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்த ஒன்றை மட்டும் புதுப்பிக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

கையால் பெயின்ட் அடிப்பதன் பெரிய நன்மை, சக்கரத்தைச் சூடாக்க வேண்டியதில்லை என்பதே. தேய்த்து முடித்த சில மணி நேரத்துக்குள், ஆக்சைடு தடிப்பதற்கு முன், அலுமினியத்தைப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமரோ எபாக்சி பிரைமரோ அடித்துவிட வேண்டும். அதன் மீது மேடுபள்ளத்தை மூடும் பிரைமர், அதை 400, 600 எண் தாளில் நீர்விட்டுத் தேய்த்தல், பிறகு மெல்லிய பல அடுக்குகளாக வெள்ளி நிறம், இறுதியில் கிளியர் கோட். அவசரப்பட்டு ஒரே தடிமனாக அடித்தால் ஆரக்கால் மூலைகளில் வழிந்து நிற்கும். இரண்டு பொருள்களைக் கலந்து அடிக்கும் கிளியர் கோட் கல்லையும் பெட்ரோலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கடுமையாகப் பாதிக்கும். வெளியிலிருந்து தூய காற்றைத் தரும் முகமூடி இல்லாமல் அதைத் தெளிக்கக்கூடாது.

பவுடர் கோட்டிங் உறுதியானது, ஒரே சீராக அமையும். இங்கேதான் நான் நினைவில் வைக்கச் சொன்ன எண் வருகிறது. பெரும்பாலான பவுடர்கள் 180 முதல் 200 டிகிரியில் உருகி இறுகுகின்றன. சக்கரத்தைப் பதப்படுத்திய வெப்பம் 150 முதல் 170. அடுப்பில் ஒரு முறை பத்துப் பதினைந்து நிமிடம் இருப்பதால் பெரிய கேடு நேர்வதில்லை. அப்படித்தான் பல சக்கரங்கள் பூசப்படுகின்றன. ஆனால் சூட்டைக் கூட்டியோ நேரத்தை நீட்டியோ, அடுக்கு அடுக்காகப் பலமுறை சுட்டோ எடுத்தால் வலிமை மெல்லக் கரையும். இத்தனை டிகிரி, இத்தனை நிமிடம் என்று பட்டறையால் சொல்ல முடியவில்லை என்றால் வேறு பட்டறையைத் தேடுங்கள்.

முகப்பை லேத்தில் மெல்லியதாகச் சீவிக் கிளியர் கோட் அடிக்கும் முறையும் உண்டு. கண்ணைப் பறிக்கும் அழகு அது. ஆனால் ஒவ்வொரு முறையும் உலோகம் குறைகிறது. வாழ்நாளில் இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்யக்கூடாது. முன்பு எத்தனை முறை சீவினார்கள் என்று தெரியாத பழைய சக்கரத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

காரில் மாட்டும்போது

அழகாக முடித்த சக்கரத்தையும் ஆபத்தாக்கும் தவறு ஒன்று உண்டு. ஹப்போடு பொருந்தும் முகத்திலும், நட்டு அமரும் கூம்புகளிலும் தடிமனான பெயின்ட்டோ பவுடரோ இருக்கக்கூடாது. நட்டை இறுக்கும்போது அந்தப் பூச்சு இடைப்பட்டு நிற்கும். வண்டி ஓட ஓட நசுங்கி மெலியும். பூச்சு மெலிந்த அளவுக்கு நட்டின் பிடி தளரும். பூச்சு அடிக்கும் முன்பே அந்த இடங்களை மறைத்துவிடச் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்ததும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள்.

டயர் அமரும் தடத்தில் அரிப்பின் எச்சம் இருந்தால் காற்று மெல்லக் கசியும். அந்தத் தடம் வழவழப்பாக இருக்க வேண்டும். வால்வைப் புதிதாக மாற்றுங்கள். கிளியர் கோட் முழுதாக இறுக ஒரு வாரமாவது கொடுத்துவிட்டு டயரை ஏற்றச் சொல்லுங்கள். இயந்திரத்தின் பற்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறார்களா என்று அருகில் நின்று பாருங்கள். பேலன்சிங்குக்குக் கொக்கி ஈயம் வேண்டாம். உட்பக்கம் ஒட்டும் வகை போதும்.

நட்டும் சக்கரத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். கூம்பு வடிவ இருக்கைக்குக் கூம்பு நட்டு, உருண்டை இருக்கைக்கு உருண்டை நட்டு. தட்டையான வாஷரோடு அமரும் பழைய வகைகளும் உண்டு. அலாய் வீலின் நடுப்பகுதி எஃகுச் சக்கரத்தைவிடத் தடிமனாக இருப்பதால், எஃகுச் சக்கரத்தின் போல்ட்டைப் போட்டால் மரை போதுமான ஆழத்துக்குப் பிடிக்காமல் போகலாம். ஹப்பின் நடு மேட்டில் மட்டும், ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் பசையை மெல்லியதாகத் தடவலாம், மரையில் தடவக்கூடாது. காரின் கையேடு சொல்லும் முறுக்கு விசைக்கு, விசையை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச் கொண்டு, எதிரெதிர் நட்டாக இறுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின், சக்கரம் ஆறியிருக்கும்போது, ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒவ்வொரு நட்டையும் மறுபடி சரிபாருங்கள்.